நாங்கள் எழுதிக் கொடுத்த மனு

வேதியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா எஸ்டேட்டில் எங்கள் லயன் வீட்டு வரிசை முழுக்க மிட்டாய் கொடுத்தார். மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில் தேயிலை பறிக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த வரிசையிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பெண் நான். அதனால் எந்தக் கல்லூரி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் கீழே, சமவெளியில் இருந்தார்கள்.

முதலில் கேட்டவர் திருநெல்வேலி டவுனில் சுடிதார் துணி எடுக்கப்போன கடைக்காரர். அம்மாவிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "பிள்ள காலேஜா? எந்தக் காலேஜ்?" என்றார். அம்மா பெருமையாகச் சொன்னாள். "ஓ, அந்தக் காலேஜா" என்றவர், அதற்கு மேல் பேசாமல் துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். படிகளில் இறங்கும்போது அம்மா கேட்டாள். "ஏளா, ஏன் அவரு மொகம் அப்படிப் போச்சு?"

எனக்கு அப்போது தெரியாது. பிறகு மூன்று வருஷமும் அந்த 'அந்த'வைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

கல்லூரி, ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரிக்குப் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. முன்னால் அந்த இடத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் ஒரு விடுதியும்தான் இருந்தன. பள்ளியை முடித்த பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிகளில் இடம் கேட்டு அலைந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். சுற்றியிருக்கும் காலனிகளின் ஆட்கள் சாலையில் உட்கார்ந்து, அடிவாங்கி, கேட்டுப் பெற்ற அரசுக் கல்லூரி அது. சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆனால் வருவது பெரும்பாலும் எங்கள் சனம். நெசவு வேலை பார்க்கும் முஸ்லிம் வீடுகளிலிருந்து சிலர் வருவார்கள். எங்கும் இடம் கிடைக்காத மற்றச் சாதிப் பிள்ளைகளும் சிலர் சேருவார்கள். அந்த மற்றவர்களில் பாதிப் பேர் முதல் வருஷம் முடிவதற்குள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் போவார்கள், அதுதான் கசக்கும்.

டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பது ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு இன்னும் மோசம். கை காட்டிக்கொண்டு நிற்கிற எங்களைத் தாண்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் நிறுத்துவார்கள். பையைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் கிளப்பிவிடுவார்கள். நடத்துநர்கள் அந்த இடத்தைக் கல்லூரி என்று சொல்லவே மாட்டார்கள். "ஆஸ்டலு, ஆஸ்டலு எறங்கு" என்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஆய்வகம்தான்.

வேதியியல் ஆய்வகம் என்று ஒரு நீளமான அறை இருந்தது. கருங்கல் பலகை பதித்த மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொட்டி, தொட்டிக்கு மேலே வளைந்த குழாய். எல்லாம் புதிது. குழாயில் தண்ணீர் வராது, ஏனென்றால் மோட்டாருக்கு மின் இணைப்பு வாங்கவில்லை. எரிவாயுக் குழாய் சுவர் ஓரமாக எல்லா மேசைக்கும் போகிறது, ஆனால் அதன் மறுமுனையில் சிலிண்டர் இல்லை. ஒப்பந்தக்காரர் மேசை போட்டுவிட்டுப் போனார். அடுத்த வேலைக்கு அனுமதி வரவில்லை. எங்களுக்கு முந்தின வகுப்பும் அதற்கு முந்தின வகுப்பும் அந்த அனுமதிக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள்.

என் அறைத்தோழி கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக்காரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீடு. விடுதியில் பக்கத்துப் பாய், வகுப்பில் பக்கத்து இடம். முதல் நாள் ஆய்வகத்துக்குள் போனதுமே அவள் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள்.

"ஏட்டி, தண்ணிக் கொழாயத் தொறந்தா காத்து வருது. கேஸ் கொழாயத் தொறந்தா அதுகூட வரல."

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் கௌரவ விரிவுரையாளர், தச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயரில் இருந்த கௌரவம் வேலையில் இல்லை என்பதை அவர் மறைத்ததில்லை. எரிவாயு எப்போது வரும் என்று நாங்கள் கேட்டபோது கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"இங்க பாருங்க, வார ஏப்ரலுக்குப் பொறவு எனக்கே இங்கன வேல உண்டா இல்லையான்னு தெரியாது. கேஸ் எப்ப வரும்னு எங்கிட்ட கேக்காதீங்க. ஸ்பிரிட் வெளக்கு இருக்கு. அத வச்சு என்னத்த செய்ய முடியுதோ செய்வோம்."

செய்தோம். விடுதிக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவருவோம். ஒரு ஸ்பிரிட் விளக்கைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்போம். சோதனைக் குழாய் சூடாவதற்குள் கை வலித்துவிடும். பாதி வேதிப்பொருள்கள் இருக்காது. இல்லாதவற்றுக்கு விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். இதைச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு, அதைச் சேர்த்தால் கரையும், இதில் மஞ்சள், அதில் செங்கல் சிவப்பு. வீழ்படிவு என்றால் தெளிந்த கரைசலுக்குள் திடீரென்று கலங்கி இறங்குகிற திடப்பொருள். அதன் நிறத்தை வைத்துத்தான் உப்பு எது என்று சொல்ல வேண்டும். பார்க்காத நிறங்களை எல்லாம் நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது தோழி ஒரு வினையைக் கேட்பாள், நான் நிறத்தைச் சொல்லுவேன். தப்பாகச் சொன்னால் என் அப்பளம் அவளுக்கு.

இரண்டாம் வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு. எங்கள் ஆய்வகத்தில் நடத்த முடியாது என்பதால் நகரத்திலிருந்த ஒரு பெரிய கல்லூரியில் எங்களுக்கு மையம் போட்டார்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் காலையில் முடித்த பிறகு, மதியம் எங்கள் முறை. சோதனைக் குழாய்களைப் பழைய தாவணியில் சுற்றி, பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். வாசலில் நின்ற ஆய்வக உதவியாளர் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"சாமானெல்லாம் கொண்டாந்தாச்சா? எங்க சாமான எடுக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

உள்ளே நுழைந்தபோது அழுகிய முட்டை வாடை அடித்தது. வேதியியல் படிக்கிற எவருக்கும் தெரிந்த வாடை, ஹைட்ரஜன் சல்பைடு வாயு. தோழி மூக்கைப் பொத்தவில்லை, ஆழமாக இழுத்தாள். எங்கள் ஆய்வகத்தில் எந்த வாடையும் வந்ததில்லை. பர்னரைப் பற்றவைத்ததும் தீ சர்ரென்று எழும்பியது. நான் கையைப் பின்னால் இழுத்துவிட்டேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த அந்தக் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒப்பித்திருந்த நிறங்கள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. இப்படித்தான் இருக்குமா, இவ்வளவு பச்சையா என்று எனக்குள் சொல்லிக்கொண்டே செய்தேன். சொன்ன நேரத்துக்கு முன்பே நாங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். எல்லோருடையதும் சரி.

வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாள்களைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். பிறகு எங்கள் விரிவுரையாளரைக் கூப்பிட்டார். நாங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"உங்க காலேஜ் லேப்ல கேஸே கிடையாதுன்னு சொன்னாங்க?"

"இல்ல சார்."

"தண்ணியும் கிடையாது?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் சரியா வந்திருக்கு?"

"படிச்சிருக்காங்க சார்."

அவர் சிரித்தார். சத்தமாக இல்லை. தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார். "யாரோ சால்ட் பேரை வெளியில சொல்லியிருக்காங்க. நான் வேற சால்ட் தர்றேன். எல்லாரையும் திரும்பச் செய்யச் சொல்லுங்க."

எங்கள் விரிவுரையாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவருடைய வேலையும் இப்படிப்பட்ட ஆட்கள் கையில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

தோழிதான் பேசினாள். சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தப்பாச் செஞ்சிருந்தா வீட்டுக்கு விட்ருப்பீங்களா சார்?"

தேர்வாளர் உப்புப் பொட்டலங்களை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்தது ஒரு வெள்ளை உப்பு. கரைத்து, கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு விட்டேன். அடர்ந்த மஞ்சளாக இறங்கியது. ஈயம். உறுதி செய்ய, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும், மஞ்சள் முழுவதும் கரைந்துபோகும். பிறகு குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆறவைத்தால் தங்கத் துகள்களாகத் திரும்பி வரும் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அந்த மருந்தே கிடையாது, ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. கொதிக்க வைத்தேன். தெளிந்தது. ஓடுகிற தண்ணீரில் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடிக்குள் ஒரு மினுக்கல், அப்புறம் குழாய் முழுக்கப் பொன்னாக, நிதானமாகச் சுற்றிச் சுற்றி இறங்கியது.

வேதியியலில் அதைவிட அழகாக நான் எதையும் பார்த்ததில்லை. பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் தேர்வாளர் பின்னால் நின்று என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை இப்படிப் பார்க்க வைத்துவிட்டார்களே என்றுதான் ஆத்திரமாக வந்தது.

"சரி. எழுதி வச்சிட்டுப் போங்க" என்றார்.

அவ்வளவுதான். எல்லோருக்கும் இரண்டாவது தடவையும் சரியாக வந்தது. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. தேர்வு முடிவு வந்தபோது செய்முறையில் எங்கள் வகுப்பு மொத்தமும் தேறியிருந்தது, ஏறக்குறைய தேர்ச்சிக் கோட்டை ஒட்டியே.

முதல்வர் பொறுப்பில் இருந்தவர் தமிழ்த் துறைப் பேராசிரியர். நல்ல மனிதர், களைத்த மனிதர். அவரிடம் போய்ச் சொன்னோம்.

"பாஸ்தானம்மா?"

"பாஸ்தான் சார். ஆனா..."

"அப்ப விடுங்க. நானும் கேஸுக்கு எழுதிக்கிட்டேதான் இருக்கேன். மேல போனா கீழ வருது, கீழ வந்தா மேல போகுது. நான் என்ன செய்ய?"

விடுதிக்குத் திரும்பும் வழியில் தோழி சொன்னாள். "இவரு கேட்டா வராது. நாம கேப்போம்." திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். அங்கே போவதென்று முடிவானது. மனு எழுதும் வேலை எனக்கு வந்தது, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். மூன்று விஷயம் கேட்டோம். ஆய்வகத்துக்குத் தண்ணீர், எரிவாயு, நிறுத்தத்தில் பஸ் நிற்க வேண்டும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அதில் சூடு இல்லை என்று பட்டது. தேர்வாளரின் சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'இந்த நிலையில் இக்கல்லூரியில் வேதியியல் படிப்பதும் படிக்காமல் இருப்பதும் ஒன்றே.' தோழி படித்துவிட்டு, "இதான் சரி, இப்பதான் ஒறைக்கும்" என்றாள். வேதியியல் படித்த எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

மனுவை மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. எங்களால் நம்ப முடியவில்லை. முதல்வர் சுவருக்கு வெள்ளையடித்தார். குழுவில் வந்த அம்மா ஒருவர் ஆய்வகத்தில் எங்களோடு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். குழாய்களைத் திறந்து காட்டினோம். ஸ்பிரிட் விளக்கைக் காட்டினோம். தேர்வில் நடந்ததைச் சொன்னோம். எல்லாவற்றையும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு விடுதியில் எங்களைத் தோளில் தூக்காத குறைதான். தோழி எல்லோருக்கும் ஒரு தடவை கேஸ் அடுப்பு பற்றவைப்பது எப்படி என்று நடித்துக் காட்டினாள்.

மூன்றாம் வருஷம் தொடங்கிக் கொஞ்ச நாளில் முதல்வர் வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு தாள். உட்காரச் சொன்னவர், தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நம்ம காலேஜ மூடிட்டு, பிள்ளைகள மத்த காலேஜுகளுக்குப் பிரிச்சு அனுப்பலாம்னு குழு சொல்லியிருக்கு. கருத்துக் கேக்கக் கூட்டம் வச்சிருக்காங்க."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. தண்ணீர் கேட்டதற்கும் மூடுவதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டேன். அவர் தாளை என் பக்கம் நீட்டினார். போதிய வசதிகள் இல்லை, மாணவர் எண்ணிக்கை குறைவு, என்று வரிசையாக இருந்தது. அதற்கு ஆதாரமாக மாணவர்களே தெரிவித்தது என்று என் வரி மேற்கோளில் இருந்தது. படிப்பதும் படிக்காமல் இருப்பதும் ஒன்றே.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு போன் போட்டேன். எஸ்டேட்டை மூடப்போகிறார்கள் என்று அந்தச் சமயத்தில்தான் மலையிலும் பேச்சு பலமாக இருந்தது. நான் சொன்னதை எல்லாம் அப்பா கேட்டுக்கொண்டார்.

"இங்கனயும் அதான் சொல்லுதாவ மக்கா. கீழ போங்க, கீழ நல்லா இருக்கும்னு. போறவனுக்கு நல்லா இருக்குமான்னு யாரு கேக்கா?"

"நாங்க காலேஜ மூடச் சொல்லலையேப்பா."

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும். நீ போயிப் பேசு. பயப்படாதே."

கூட்டம் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. மாணவர்கள் தவிர யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். ஆனால் பைய ஒவ்வொருவராகப் பழைய மாணவர்கள் வந்தார்கள். முதல்வர் யார் யாருக்கோ போன் பேசியிருந்தார், அந்தக் களைத்த மனிதர் அதைச் செய்தார். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஒரு வக்கீல், தலைமையாசிரியையாக இருக்கும் ஓர் அம்மா. வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். சிலர் மண்டபத்துக்கு வெளியே ஜன்னலோரம் நின்றார்கள்.

அதிகாரி மென்மையாகப் பேசினார். அந்த மென்மைதான் எரிச்சலாக இருந்தது. "வசதியே இல்லாத இடத்துல நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? நல்ல காலேஜ்ல போட்டுத் தர்றோம். உங்க நல்லதுக்குத்தான். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."

நான் எழுந்தேன். பேச வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது.

"சார், அத எழுதுனது நான்தான். அதுல தண்ணி கேட்டிருக்கோம். கேஸ் கேட்டிருக்கோம். பஸ் நிக்கணும்னு கேட்டிருக்கோம். அது மூணையும் விட்டுட்டு கடைசி வரிய மட்டும் எடுத்திருக்கீங்க."

"அதுவும் நீங்க எழுதினதுதானேம்மா?"

"நாங்கதான் எழுதுனோம். அது உண்மதான். கொழாயில தண்ணி வரலன்னு சொன்னா கொழாயச் சரி பண்ணணும் சார். வீட்டையா இடிப்பாங்க?"

நான் உட்கார்ந்தேன். தலைமையாசிரியை அம்மா எழுந்தார். மைக் வேண்டாம் என்றார், பள்ளிக்கூடத்துக் குரல், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான் இங்கன படிக்கும்போது ஓடு போட்ட ஒத்தக் கட்டடம். மழ பேஞ்சா குடையப் பிடிச்சிக்கிட்டு பரீட்ச எழுதியிருக்கோம். ஒங்க நல்ல காலேஜ்ல எல்லாம் நாங்க கேட்டுப் பாத்தோம். உள்ள விடல. இப்ப இத மூடிட்டு அங்க அனுப்புதேங்கீங்க. இந்தப் பொம்பளப் பிள்ளைக இந்த விடுதிய விட்டா வீட்டுக்குத்தான் போகும், காலேஜுக்குப் போகாது. அத ஒங்க கணக்குல எழுதியிருக்கீங்களா?"

அதிகாரி குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து அறைக்கு வந்ததும் தோழி பாயை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நாம மனு குடுத்திருக்கவே கூடாது" என்றாள்.

"பின்ன? வாளியில தண்ணி மோந்துக்கிட்டே இருந்திருக்கணுமா?"

"மோந்திருக்கலாம். மோந்தா என்ன? இவ்ளோ நாளும் மோந்தோம்லா. என் தங்கச்சி பிளஸ் டூ படிக்கா. கெமிஸ்ட்ரிதான் எடுப்பேன்னு நிக்கா. காலேஜே இல்லன்னா அவ எங்க போவா?"

"அதுக்கு நானா பொறுப்பு? நீயுந்தான கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன். அதான் சொல்லுதேன்."

அதன் பிறகு ரொம்ப நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரே அறை, ஒரே மேசை, ஒரே வாளி. தேவைக்கு மட்டும் பேசினோம். எனக்கு அவள் மேல் கோபம், அவளுக்கு என் மேல் கோபம். எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல் இருக்க வேண்டிய கோபம். அவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள், நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்தோம். அந்த வரியை எழுதியதற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். என்னால் முடியவில்லை. பல தடவை யோசித்துப் பார்த்தேன், இன்றும் முடியவில்லை. தாகம் என்று சொன்னவள் மேல் என்ன தப்பு இருக்கிறது?

பழைய மாணவர்கள் விடவில்லை. வக்கீல் ஒரு பக்கம், தலைமையாசிரியை ஒரு பக்கம், சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் அலைந்தார்கள். காலனிகளிலிருந்து ஆட்கள் மறுபடியும் சாலையில் உட்கார்ந்தார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சீவலப்பேரி பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு நேராக நின்றது. வேறு வழியில்லாமல் நின்றது. தோழி அதைச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதிலிருந்து மறுபடி பேச்சு வந்தது.

கடைசியில், மூடும் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். கைவிட்டோம் என்று சொல்லவில்லை. விடுதியில் எல்லோரும் கத்திக் கும்மாளமிட்டார்கள். மறுநாள் முதல்வர் எங்கள் வேதியியல் வகுப்பை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மீதியைச் சொன்னார். கல்லூரி இருக்கும். ஆனால் வரும் வருஷத்திலிருந்து வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் புதிய சேர்க்கை கிடையாது. ஆய்வக வசதி வருகிறவரை.

"ஆய்வக வசதி எப்ப சார் வரும்?" என்று தோழி கேட்டாள்.

"அதுக்கு அனுமதி வந்திருச்சும்மா. அடுத்த மாசம் கேஸ் மாட்டிருவாங்க."

நாங்கள் விளங்காமல் பார்த்தோம். அவரும் எங்களைப் பார்த்தார். இரண்டு உத்தரவும் உண்மை. இரண்டும் வேறு வேறு மேசைகளிலிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று தெரியாது.

சொன்னபடி சிலிண்டர் வந்தது. மோட்டாருக்கு மின்சாரமும் வந்தது. கடைசிப் பருவத்தில் சில வாரங்கள் எங்கள் சொந்த ஆய்வகத்தில் வேலை செய்தோம். எல்லாப் பர்னரையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தபோது விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசிச் செய்முறைத் தேர்வு எங்கள் இடத்திலேயே நடந்தது. வேறொரு தேர்வாளர், நல்ல மாதிரி. எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது, அதை வைத்துத்தான் இப்போது பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். தோழி பி.எட். முடிக்கப்போகிறாள். எங்களுக்குக் கீழே இருந்த வேதியியல் பிள்ளைகளை வேறு கல்லூரிகளுக்கு மாற்றிவிட்டார்கள், வேதியியல் இல்லாத கல்லூரியில் விரிவுரையாளருக்கு வேலை இல்லை. தச்சநல்லூரில் டியூஷன் எடுக்கிறார். எங்கள் குடும்பம் மலையிலிருந்து இறங்கிவிட்டது. அப்பா அம்பாசமுத்திரத்தில் நெல்மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் காவலுக்கு நிற்கிறார்.

தோழியின் தங்கை அதே கல்லூரியில்தான் சேர்ந்தாள், பொருளாதாரம். கல்லூரியில் வகுப்பறைகள் போதவில்லை என்று அவர்கள் வகுப்பை வேதியியல் ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள். போன விடுமுறையில் அவளைப் பார்த்தபோது கேட்டேன், எப்படி இருக்கிறது படிப்பு என்று.

"இருக்குக்கா. அந்தக் கல்லு மேசதான் உசரம். எழுத எக்கணும்."

"பொருளாதாரம் பிடிச்சிருக்கா?"

அவள் அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட யாரும் அதக் கேக்கலக்கா" என்றாள்.

தோழி எழுந்து வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "ஏட்டி, திங்கக்கெழம ஒனக்கு கிளாஸ் உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "லீவு போடு" என்றாள்.

போன திங்கட்கிழமை இருவரும் போனோம். இந்தத் தடவை மனுவை அவள் எழுதினாள். வேதியியல் சேர்க்கையைத் திரும்பத் தொடங்க வேண்டும், ஆய்வகம் தயாராக இருக்கிறது, இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. யாரும் பிடித்துக்கொள்ள முடியாதபடி எழுதியிருந்தாள், படிக்கும்போது எனக்கு அதுதான் வலித்தது. வரிசை நீளம். வெயில். எங்கள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் வாங்கி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார்.

"பதில் வரும்" என்றார்.

"எப்ப சார் வரும்?" என்றாள் தோழி.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் வெளியே வந்து, பஸ்ஸுக்காக நின்றோம்.